அம்மி சுமக்க ஒரு பிக்கப்

மகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. மனைவி அங்கே போய்த் தங்கி நிற்க வேண்டும் என்றாள். நிற்பதற்கு இடம் இல்லை. பிக்கப் கதை அதிலிருந்து தொடங்கியது.

மகள் சுவிஸில் துன் நகருக்கு மேலே, மலையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். கட்டினது ஒரு சுவிஸ் பெடியனை. காட்டில் மரம் வெட்டும் வேலை அவனுக்கு. ஒரு கமக்காரரின் பழைய மரவீட்டில் மேல்தட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு ஹோல், ஹோலுக்குள்ளேயே அடுப்பு. மருமகன் நல்ல பிள்ளை. சோபாவை விரித்தால் கட்டிலாகும், மாமி அதில் படுக்கலாம் என்று சொன்னான். மனைவி அங்கே சிரித்துவிட்டு, நாங்கள் இருக்கும் ஓல்டனுக்கு வந்து வீட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் கதைத்தாள்.

"மருமோன் காலமை கோப்பி போட வரேக்கை நான் ஹோலுக்குள்ள குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறதே? நடக்கிற காரியமே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நீங்கள்தான் யோசியுங்கோ. எல்லாத்தையும் நானே யோசிக்கிறன்."

எங்கள் ஆட்களில் மகளின் முதல் பிள்ளைப்பேற்றைத் தாய்தான் பார்ப்பாள். முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை கூட நிற்பாள். தண்ணீர் வார்ப்பாள், பத்தியம் சமைப்பாள், காயம் கொடுப்பாள். காயம் என்றால் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் சேர்த்து அரைக்கும் சரக்கு. அதைக் கறியில் போட்டுச் சோற்றோடு கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற உடம்பு தேறும். சரக்கை வறுத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். மரவீட்டில் கீழே இருப்பவர்கள் எங்கேயோ தீப்பிடித்தது என்று ஓடி வருவார்கள்.

மகள் போனில் சொன்னாள்: "அம்மா, இஞ்ச மருத்துவிச்சி வீட்டை வந்து பாப்பா. எல்லாம் அவ சொல்லித் தருவா. நீங்கள் கஷ்டப்படாதேங்கோ. அதோட அந்தக் காயம் எனக்கு வேண்டாம். மணம் எனக்கு ஒத்துவராது."

மனைவி "சரி பிள்ளை" என்றாள். போனை வைத்துவிட்டுக் கையில் இருந்த துணியால் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

எனக்குத் தெரியும். மகள் பிறந்தபோது எங்களுக்கு ஒருவரும் இல்லை. அகதி முகாமில் ஒரு அறை. நான் ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவப் போவேன். ஆஸ்பத்திரியில் பாணும் குளிர்ந்த யோகட்டும் கொடுத்தார்கள். மனைவி அதைத்தான் சாப்பிட்டாள். அதை அவள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. மகள் அப்படிக் கிடக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் எங்கள் வேலையிடத்தில் ஒரு சுவிஸ்காரர் பென்ஷனில் போனார். அவரிடம் ஒரு வோன்வாகன் இருந்தது. நாங்கள் கரவன் என்போம். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சின்ன வீடு. கட்டில், காஸ் அடுப்பு, சின்னக் கழுவுதொட்டி, ஒரு மேசை. இனித் தனக்கு வேண்டாம் என்றார். நான் எடுத்தேன். மகள் இருக்கும் வீட்டுக் கமக்காரர் தன் புல்நிலத்தின் ஓரத்தில் அதை விடலாம் என்றார். மனைவி உள்ளே ஏறி அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நான் என்ன வறுத்தாலும் ஒருத்தரும் கேக்க ஏலாது" என்றாள்.

பிரச்சினை, அதை மேலே கொண்டுபோவது. எங்கள் கார் சின்னது. கொக்கியும் இல்லை. அடுத்த வாகனப் பரிசோதனையில் அது நிற்காது என்றும் தெரியும். பனி விழுவதற்கு முன் கரவனைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும். ஒருநாளைக்கு வாடகை வண்டி எடுத்துச் சரிவராது. பாரமான வண்டியை இழுக்கும் லைசென்ஸ் வேலைக்காக முன்பே எடுத்து வைத்திருந்தேன். எனவே பிக்கப் ஒன்று பார்ப்பது என்று முடிவு.

என்னோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன் இருக்கிறான். பெடியன் என்றால் நாற்பது தாண்டியவன். வாகனம் என்றால் சாப்பாடு வேண்டாம். அவனும் வந்தான். ஓல்டனுக்கு வெளியே பழைய வாகனம் விற்கும் இடம். விற்பவர் கொசோவோக்காரர். அவர் முதலில் காட்டியது கறுப்பு நிறத்தில் ஒன்று. முகம் லொறி மாதிரி. நாலு கதவு, தோல் சீற்.

"அண்ணை, மூண்டரைத் தொன் இழுக்கும். உங்கட கரவன் என்ன, கோயில் தேரையே கொழுவலாம்" என்றான் அவன்.

"தேர் இழுக்க ஆக்கள் இருக்கினம், தம்பி. கதவைத் திறவும். ஏறிப் பாப்பம்" என்றாள் மனைவி.

ஏற முடியவில்லை. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுக்கு முழங்கால் போய்விட்டது. அவன் ஓடிப்போய் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்தான். அதில் மிதித்து ஏறினாள்.

"இஞ்ச இருந்து பாக்க ஓல்டன் ஸ்டேசனே தெரியுது" என்றாள். "இறங்கிறது எப்பிடி?"

எனக்கும் அந்தக் கறுப்பில் ஆசை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். மூன்றரைத் தொன் என்றதும் எனக்குப் போதும் என்று பட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பது. எவ்வளவு இழுக்கும் என்று கேட்போம். எவ்வளவு சுமக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விற்பவர் தன் கராஜ் நம்பர் தகட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். கரவனைக் கொழுவிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார். கரவன் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நின்றது. மனைவி அதற்குள் சாமான் ஏற்றத் தொடங்கி ஒரு கிழமை. நான் பார்க்கவில்லை. பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்துக் கொழுவினேன். கரவனின் மூக்கை, அதன் கொழுவும் முனையை, இறக்கியதும் பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்ந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது.

விற்பவர் தலையைச் சொறிந்தார். வீட்டில் ஆட்கள் நிறை பார்க்கும் தராசு இருக்கிறதா என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"உம்மடை தராசைக் கொண்டு வரட்டாம்."

"என்னை நிறுக்கவோ?"

"கரவனை."

கொண்டுவந்தாள். கொழுவியதைக் கழற்றி, கரவனின் மூக்குக்குக் கீழே தராசை வைத்து, ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து மெல்ல இறக்கினோம். முள் ஓடிப்போய் அந்தத் தொங்கலில் முட்டி நின்றது. அதற்கு மேலே தராசில் இலக்கம் இல்லை.

கரவனின் மூக்கில் ஒரு பெட்டி இருக்கிறது. காஸ் சிலிண்டர் வைப்பதற்கு. விற்பவர் திறக்கச் சொன்னார். திறந்தேன். சிலிண்டருக்குப் பக்கத்தில் அம்மி, குழவி, அரிசிச் சாக்கு, பெரிய பானை இரண்டு, உள்ளி மூட்டை. எல்லாம் இறுக்கி அடுக்கி, அசையாமல் துவாய் வைத்துச் செருகியிருந்தாள்.

"சமையல் சாமானும் காஸும் ஒரு இடத்தில கிடக்கட்டும் எண்டு வைச்சன்" என்றாள். "எடுக்கச் சுகமெல்லோ?"

விற்பவர் அம்மியைக் கையால் தட்டிப் பார்த்தார். இது கல்லறைக் கல்லா என்று கேட்டார். அவள் முகம் சிவந்தது.

"என்ன வாய் இது! பிள்ளைப்பேறு நேரத்தில! இது அரைக்கிற கல்லு எண்டு சொல்லுங்கோ அந்தாளுக்கு."

சொன்னேன். அவர் கையை நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டார்.

கூட வந்தவன் சொன்னான், "லேசான வேலை அண்ணை. எல்லாத்தையும் கரவனுக்குப் பின்பக்கம் தள்ளுவம். மூக்கு எழும்பும்." அவன் கை காட்டியதை விற்பவர் விளங்கிக்கொண்டு, கூடாது என்று தலையாட்டினார். கையை மீன் வால் மாதிரி அங்கும் இங்கும் ஆட்டிக் காட்டினார். பின்னுக்குப் பாரம் போனால் இறக்கத்தில் கரவன் அப்படி ஆடும், இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்றார். நடுவில் சில்லுக்கு மேலே வைக்கலாம். ஆனால் கரவன் சுமக்கலாம் என்று விட்ட நிறையை ஏற்கெனவே தாண்டிவிட்டது.

"அக்கா, அம்மியை விடுங்கோவன். மிக்ஸியில அடிக்கலாம்தானே?"

"மிக்ஸியில அடிச்சால் அது சட்னி, தம்பி. காயம் இல்லை."

"அப்ப அரிசி. அங்க கடையில இருக்கும்."

"இருக்கும். சிவத்த அரிசி இருக்கோ? ரிசோட்டோ அரிசியில பத்தியச் சோறு காய்ச்சச் சொல்லுறீரோ?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் அம்மியைப் பார்த்தாள். போனில் மகள் வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகும் அவள் இதை எல்லாம் தனியத் தூக்கி வந்து வைத்திருக்கிறாள்.

"சாமான் குறையாது. வண்டியை மாத்துவம்" என்றேன்.

வண்டியின் சாம்பல் நிறப் பதிவுப் பத்திரத்தில் இரண்டு நிறை இருக்கும். பின்னால் இழுக்கலாம் என்பது ஒன்று. தன் மேலே ஏற்றலாம் என்பது மற்றது. கறுப்பின் பத்திரத்தை விற்பவரிடம் வாங்கி இரண்டாவதைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வண்டி, தோல் சீற், நாலு கதவு, எல்லாம் அதன் சொந்தப் பாரம். ஏற்றுவதற்கு மிச்சம் கொஞ்சம்தான். கரவனின் மூக்கு அழுத்துவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். நாங்கள் இரண்டு பேர் ஏறி, மூக்கையும் வைத்தால், அம்மிக்கு இடமில்லை. நான் வேலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். தூக்குவது வேறு, தாங்குவது வேறு என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு நிறம் கண்ணை மறைத்துவிட்டது.

திரும்பவும் அந்த இடத்துக்குப் போனோம். நீலத்தில் ஒன்று நின்றது. புதிது மாதிரி, நல்ல எடுப்பு. ஆனால் பின்சில்லு இரண்டுக்கும்தான் இழுவை. கமக்காரரின் நிலம் புல். மழை பெய்தால் அது அங்கேயே நின்று உழும். வேண்டாம் என்றேன்.

மூலையில் வெள்ளையில் ஒன்று. இரண்டு கதவு. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், மூன்றாவது ஆள் நெருக்கித்தான். பின்பெட்டி நீளம். தோட்ட வேலைக்காரர் வைத்திருந்தது. உள்ளே இன்னும் வெட்டிய புல் மணந்தது. நாலு சில்லும் இழுக்கும். ஏற்றத்துக்கென்று தாழ்ந்த கியர் தனியாக இருந்தது. கறுப்பை விடக் குறைவாகத்தான் இழுக்கும். எங்கள் கரவனுக்கு அது தாராளம். சுமப்பது கறுப்பை விடக் கூட. மொத்தத்தில் வண்டி கட்டை. மலை வளைவுக்கு அதுவும் நல்லது.

"அண்ணை, உதையோ?" என்றான் கூட வந்தவன். "கோயிலடியில உதைக் கொண்டுபோய் விட்டால், தோட்டக்காரன் எண்டு நினைச்சு வேலியை வெட்டச் சொல்லுவினம்."

"வெட்டிக் குடுப்பன்."

"சம்பந்தி வீட்டு ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அவையும் தோட்டம் வைச்சிருக்கினம்."

மனைவி ஏறினாள். படி தாழ்வாக இருந்தது. பெட்டி தேவைப்படவில்லை. கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து இருந்தாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கிச் சொன்னாள், "இது காணும்."

அம்மியைப் பின்பெட்டியில், முன்சுவரோடு அணைத்து வைத்துப் பட்டியால் கட்டினேன். அரிசியை மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் போட்டேன். பானை, உள்ளி எல்லாம் பின்பெட்டிக்கு மாறின. கரவனின் மூக்கைத் திரும்ப நிறுத்தோம். முள் நடுவில் நின்றது.

"உந்தத் தராசு இனி என்ரை நிறையைச் சரியாக் காட்டுமோ?" என்றாள்.

"கூடக் காட்டினால் தராசு பழுது."

"வாயைப் பார்."

வெளிக்கிட்ட காலை, எல்லாச் சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாள். கரவனின் சில்லுக்கும் வைத்தாள். அதுவும் உருளுகிறதுதானே என்றாள். பக்கத்து வீட்டு சுவிஸ் மனிசி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். தேசிக்காய் நசிந்தது. மகளுக்கு மருத்துவர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதற்குள் மேலே போய், எல்லாம் அடுக்கி, சரக்கு வறுத்து வைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

பேர்ன் தாண்டும்போது மருமகன் போன் எடுத்தான். அவன் மெல்லக் கதைக்கிறவன். அன்றைக்கு வேகமாகக் கதைத்தான். தண்ணிக்குடம் உடைந்துவிட்டது. துன் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான்.

"கெதியா ஓடுங்கோ."

"கரவனோட இதுக்கு மேல ஓடக் கூடாது."

 அவள் இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்திருந்தாள். கார் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

துன்னில் ஆஸ்பத்திரி வாசல்வரை போக முடியாது. உள்ளே போனால் கரவனைத் திருப்ப இடமில்லை. பெரிய றோட்டில் ஒரு அகன்ற ஓரம் இருந்தது. விளக்கைச் சிமிட்ட விட்டு நிறுத்தினேன். அவள் இறங்கினாள்.

"நீங்கள்?"

"நான் மேல போறன்."

"தனியவோ?"

"ஓம். நீர் பிள்ளையோட வரேக்கை வீடு நிக்கோணுமெல்லோ."

யோசித்தாள். "அடுப்பைப் பத்தவைச்சுப் பாருங்கோ. காஸ் பிடிக்குதோ எண்டு" என்று சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே போகும் றோட்டில் மழை தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். தாழ்ந்த கியரைப் போட்டேன். பிக்கப் அவசரப்படாமல் ஏறியது. கரவன் பின்னால் ஒழுங்காக வந்தது. ஆட்டம் இல்லை. மூன்றாவது வளைவுக்குக் கிட்ட மஞ்சள் தபால் பஸ்ஸின் ஹோர்ன் மேலே கேட்டது. அந்த றோட்டில் பஸ் சாரதி சொல்வதைத்தான் மற்றவர்கள் செய்ய வேண்டும். அவர் இறங்கி வந்து கரவனின் நீளத்தைப் பார்த்தார். கீழே விலத்தும் இடம்வரை பின்னுக்குப் போகச் சொன்னார்.

ஏற்றத்தில், மழையில், கரவனோடு பின்னுக்கு. ஸ்ரேரிங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் கரவன் மற்றப் பக்கம் போகும். கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, கொஞ்சம் விட்டு, நிறுத்தி இறக்கினேன். பிக்கப் ஒரு இடத்திலும் தானாக வழுக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் அப்பிள் கடித்துக்கொண்டே பார்த்தார். பஸ் விலத்தும்போது சாரதி கண்ணாடியை இறக்கி, எங்கே போகிறீர் என்று கேட்டார். மகளுக்குப் பிள்ளை பிறக்கிறது என்றேன். கரவனுக்குள்ளேயா என்று கேட்டார். இல்லை, துன்னில் என்றேன். அப்போ பிழையான பக்கம் போகிறீர் என்று சிரித்தார்.

அது எனக்கும் தெரிந்திருந்தது.

கமக்காரர் டிராக்டரோடு வாசலில் நின்றார். புல் ஊறிப்போய்க் கிடந்தது. இழுத்துவிடவா என்றார். ஒருக்கால் பார்க்கிறேன் என்றேன். நாலு சில்லும் இழுக்க விட்டேன். முன்சில்லு ஒருமுறை சுற்றியது. பின்னுக்கு அம்மியும் அரிசியும் அமத்திக்கொண்டிருந்தபடியால் பின்சில்லு பிடித்தது. நிலத்தின் ஓரம்வரை ஒரே இழுவையில் போனேன். கமக்காரர் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து, பலகை தந்தார். கரவனை மட்டம் பார்த்து நிறுத்தி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது.

அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"காஸ் பிடிக்குது."

"பெட்டைப் பிள்ளை" என்றாள்.

"நல்லது."

"ரெண்டு பேரும் சுகம். என்னப்பா, அழுறியளோ?"

"இல்லை."

"குரல் வேற மாதிரிக் கிடக்கு."

"மலைதானே. லைன் சரியில்லை."

சில நாளில் மகள் வீட்டுக்கு வந்தாள். மனைவி கரவனுக்கு வந்தாள், நான் வேலைக்கு ஓல்டனுக்குத் திரும்பினேன். சரக்கு வறுத்தாள், அரைத்தாள். ஒருத்தரும் தீயணைப்புப் படையைக் கூப்பிடவில்லை. தினமும் சோறும் காயக் கறியும் காய்ச்சி மேலே கொண்டுபோனாள். மகள் நன்றி சொன்னாள், பாணும் சீஸும் சாப்பிட்டாள். மனைவி சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து தானே சாப்பிட்டாள். எனக்குப் போனில் சொல்லும்போது, "அவளுக்குப் பசியில்லையாம்" என்றாள்.  அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும் சேராததும் ஒன்றுதானோ என்று எனக்கு ஓல்டனில் இருந்து யோசனை.

அடுத்த சனிக்கிழமை பிக்கப்பில் மேலே போய்க் கரவனில் படுத்தேன். ஞாயிறு விடிந்து கொஞ்ச நேரம். கதவில் தட்டிக் கேட்டது. மகள். நித்திரை உடுப்பு, புருஷனின் ரப்பர் சப்பாத்து. கையில் போர்வைக்குள் பிள்ளை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"அம்மா, என்னால ஏலாது. ராவு முழுக்க அழுது. நான் என்ன செய்யிறன் எண்டு எனக்கே தெரியேல்லை."

 மனைவி பிள்ளையை வாங்கினாள். தோளில் போட்டாள். மகள் மேசைக்குக் கிட்ட இருந்தாள். அடுப்பில் சட்டி கிடந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். தானே தட்டு எடுத்துச் சோறும் காயக் கறியும் போட்டுக் கையால் சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு, பிள்ளை. வழிச்சுப் போடு."

சாப்பிட்டுக் கையைக் கழுவி, தாயின் கட்டிலில் அப்படியே சரிந்தாள். சப்பாத்தை நான் கழற்றினேன். அது அவளுக்குத் தெரியாது, நித்திரையாகிவிட்டாள். பிள்ளையும் தோளில் நித்திரை. மனைவி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். வெளியே போங்கோ என்று அர்த்தம்.

எனக்கு அன்றைக்கு ஓல்டனில் பின்னேர வேலை. பிக்கப்பில் ஏறினேன். அது டீசல். ஸ்ரார்ட் பண்ணினால் கரவன் கண்ணாடி அதிரும், பிள்ளை எழும்பும். திறப்பை அரைவாசி திருப்பிப் பிறேக்கை விட்டேன். பிக்கப் சத்தமில்லாமல் புல்லில் உருண்டு இறங்கியது. றோட்டுக்கு வந்த பிறகுதான் மிச்சத்தையும் திருப்பி ஸ்ரார்ட் பண்ணினேன்.